முதல் கோல்ஃப் ஷூவா? கடையில் அடியைத் திருப்பிப் பாருங்கள்

கோல்ஃப் பழக வருகிறவர்கள் கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) செட்டுக்கு மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, காலுக்கு மட்டும் வீட்டில் கிடக்கும் ரன்னிங் ஷூவையே மாட்டிக்கொண்டு வருகிறார்கள். நானும் முதல் நான்கு மாதம் அப்படித்தான் ஆடினேன். ஒரு மார்கழிக் காலை, புல் முழுக்கப் பனி, லேசான சரிவில் நின்று டிரைவரை, அதாவது நீண்ட தூரம் அடிக்கும் கிளப்பை, முழு வேகத்தில் வீசியபோது இடது கால் வெளிப்பக்கமாக வழுக்கி முழங்கால் பிசகிவிட்டது. மூன்று வாரம் மைதானத்துப் பக்கமே போக முடியவில்லை.

காரணம் இதுதான். வலது கை ஆட்டக்காரர் கிளப்பைக் கீழே இறக்கும்போது வலது பாதத்தின் உள்விளிம்பால் தரையை உந்துகிறார், அந்த பாரம் அப்படியே இடது பாதத்தின் வெளிவிளிம்பில் போய் இறங்குகிறது. ரன்னிங் ஷூ நேராக முன்னால் ஓடுவதற்காகச் செய்தது. சோல் உயரமாக, மெத்தென்று இருக்கும். பக்கவாட்டில் அழுத்தினால் பிதுங்கிவிடும். கோல்ஃப் ஷூவின் அடி அகலமாகவும் ஓரம் கெட்டியாகவும் இருப்பது இதற்காகத்தான்.

சரி, முதலில் நீங்கள் எந்தத் தரையில் ஆடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மேடும் பள்ளமும் மழை ஈரமும் உள்ள மைதானம் என்றால் ஸ்பைக், அதாவது அடியில் முள், வைத்த ஷூதான், யோசிக்கவே வேண்டாம். பழைய இரும்பு ஆணியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, கீறிக் கெடுத்ததால் 1990களில் கோல்ஃப் மைதானங்கள் ஒவ்வொன்றாகத் தடை செய்தன, இப்போது வருவது திருகி மாட்டும் பிளாஸ்டிக் ஸ்பைக். சென்னை மாதிரி பெரும்பாலும் சமதரை, வருடத்தில் பாதி நாள் காய்ந்த புல் என்றால் ஸ்பைக்லெஸ் போதும். அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் இருக்கும், அவ்வளவுதான். 2010 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் ஃப்ரெட் கப்பிள்ஸ் எக்கோ நிறுவனத்தின் ஸ்பைக்லெஸ் ஷூவோடு ஆடிய பிறகுதான் இது இவ்வளவு பரவியது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இதே ஷூவின் குமிழ்களுக்கு நடுவே சேறு அப்பிக்கொண்டால் பிடிப்பு போய்விடும். மழையிலும் ஆடுகிறவர் என்றால் ஸ்பைக் பக்கமே போங்கள்.

அடுத்து கடையில். விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன்னால் ஷூவைக் கையில் எடுத்து, ஒரு கையில் முனையையும் மறு கையில் குதிகாலையும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவது மாதிரி முறுக்குங்கள். துணி மாதிரியே சுருண்டால் கீழே வைத்துவிடுங்கள். அப்புறம் முனையை மேல்நோக்கி மடக்குங்கள்: விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும், நடுப்பாதத்தில் மடிந்தால் அது உங்கள் பாதத்தைத் தாங்காது. இந்த இரண்டு சோதனைக்கும் அரை நிமிடம்கூட ஆகாது, என்னைக் கேட்டால் பிராண்ட் பெயரைவிட இதுதான் முக்கியம்.

பிறகு அளவு. சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், மைதானத்தில் 18 ஹோல் (குழி) கொண்ட ஒரு முழு ரவுண்டு நடந்தால் 8 முதல் 10 கிலோமீட்டர் ஆகும் என்பதால் அந்த வீக்கத்தோடுதான் நீங்கள் கடைசி ஹோல்களை ஆடப்போகிறீர்கள். ஆடும்போது போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காலிலும் மாட்டி எழுந்து நிற்க வேண்டும், உட்கார்ந்தபடி பார்ப்பது ஏமாற்றும். பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும், ஆனால் குதிகால் அசையவே கூடாது. லேஸை இறுக்கிவிட்டு, கிளப் இல்லாமலே நாலைந்து முறை ஸ்விங் செய்யுங்கள். பாதம் உள்ளே வழுக்கினால் அரை எண் குறைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் பிடித்தால் எண்ணைக் கூட்டாதீர்கள், அகலமான மாடல் கேளுங்கள். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சமாளிக்கிறவர்களுக்குத்தான் குதிகாலில் கொப்புளம் வருகிறது. ஆன்லைனில் வாங்கினால் யுகே எண்ணா யுஎஸ் எண்ணா என்று பாருங்கள். ஆண்கள் ஷூவில் யுஎஸ் எண் பிராண்டைப் பொறுத்து அரையோ ஒன்றோ கூடுதலாக இருக்கும்.

தண்ணீர் புகாத ஷூ எல்லோருக்கும் வேண்டியதில்லை. மலையில் ஆடுகிறவருக்கு அவசியம். சமவெளி வெயிலில் அதே ஷூ காலை வேகவைத்துவிடும், வலை மாதிரி காற்று போகும் மேல்துணி உள்ளதை எடுங்கள்.

ஸ்பைக் ஷூ வாங்கினால் ஸ்பைக்கைத் திருகிக் கழற்றும் சாவியையும் சேர்த்து வாங்குங்கள். 15, 20 ரவுண்டுக்கு ஒருமுறை ஷூவைத் திருப்பி, புது ஸ்பைக் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஸ்பைக்கின் முட்கள் பாதியாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கார் நிறுத்தும் இடத்துச் சிமெண்டில் நடப்பதுதான் இவற்றைச் சீக்கிரம் தின்கிறது, அதனால் மைதானத்துக்குப் போய் மாட்டுங்கள். எல்லா ஸ்பைக்கும் எல்லா ஷூவிலும் பொருந்தாது, கழற்றிய பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். நனைந்த ஷூவை வெயிலில் போட்டால் பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வையுங்கள்.

புது ஷூவோடு முதல் நாளே 18 ஹோல் போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் பயிற்சி ரேஞ்சில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றி எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே இடம் மூன்று நாளும் சிவந்தால், ஸ்பைக் தேயாமல் இருக்கும்போதே கடைக்காரரிடம் போய் மாற்றித் தரக் கேளுங்கள்.