எண்ணுப்பெயர்களைக் கொண்டு மொழி உறவை ஆராய்வது எப்படி?

இரு மொழிகளின் எண்ணுப்பெயர்கள் ஒத்திருக்கக் கண்டால், அந்த ஒப்புமை பொதுவான மூலமொழியிலிருந்து வந்ததா, கடனாக வந்ததா, தற்செயலா என்பதைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

ஒன்று முதல் பத்து வரையுள்ள சொற்களை எழுதிக்கொண்டு, ஒப்புமை எந்தெந்த எண்களில் இருக்கிறது என்று பாருங்கள். பலுசிஸ்தானில் பேசப்படும் திராவிட மொழியான பிராகூயியில் முதல் மூன்று எண்கள் (அசிட், இரட், முசிட்) மட்டுமே திராவிடச் சொற்கள். நான்கு முதல் உள்ளவை ஈரானிய மொழிகளிடமிருந்து பெற்ற கடன். மேலெண்களை மட்டும் பார்ப்பவர் அம்மொழியைத் தவறான குடும்பத்தில் சேர்த்துவிடுவார். சுவாகிலியிலும் 6, 7, 9 ஆகியவற்றின் பெயர்கள் அரபுச் சொற்களே; அதனால் அது பாண்டு என்ற ஆப்பிரிக்க மொழிக்குழுவைச் சேர்ந்தது அல்லாமல் போய்விடவில்லை. ஜப்பானிய மொழியோ சீனத்திலிருந்து வந்த இச்சி, நி, சான் என்ற வரிசையையும், தனக்கே உரிய ஹிதோத்சு, ஃபுதாத்சு, மித்சு என்ற வரிசையையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

அடுத்து, சொல்லின் இன்றைய வடிவத்தோடு நின்றுவிடாதீர்கள். தமிழின் 'எட்டு', இந்தியின் 'ஆட்' இரண்டும் நெருங்கிய உறவுபோல் ஒலிக்கின்றன. ஆனால் எண்பது, எண்ணூறு ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்தால் தமிழ்ச் சொல்லின் அடி 'எண்' என்பது தெரியும். இந்திச் சொல் சமஸ்கிருத 'அஷ்ட' என்பதன் வழிவந்தது. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றன. உண்மையான உறவாக இருந்தால் நெருங்கியிருக்க வேண்டும்.

உறவுக்கு உறுதியான சான்று, ஒழுங்கான ஒலி இயைபுதான்; அதாவது ஒரு மொழியின் ஓர் ஒலிக்கு மற்றதில் இன்ன ஒலி என்று பல சொற்களில் முறையாகப் பொருந்தி வருவது. தமிழில் 'பத்து', கன்னடத்தில் 'ஹத்து' என்பதைக் கண்டால், அதே ப–ஹ மாற்றம் எண்ணல்லாத சொற்களிலும் வருகிறதா என்று தேடுங்கள். பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி என அது தொடர்ந்து வருகிறது. பழங்கன்னடத்தில் இச்சொற்கள் பகரத்தோடே இருந்தன. இவ்வாறு உடலுறுப்புகள், அடிப்படை வினைகள், வேற்றுமை உருபுகள் வரை இயைபு நீளும்போதுதான் எண்ணுப்பெயர்களின் சாட்சியத்துக்கு வலு ஏற்படுகிறது என்பேன்.

ஒப்புமை இல்லாததையும் மறுப்பாகக் கொள்ளலாகாது. ஆர்மீனிய மொழியில் இரண்டுக்குப் பெயர் 'யெர்க்கு'. நம் காதுக்கு அது 'இரண்டு' என்பதை நினைவூட்டக்கூடும். ஆயினும் ஆர்மீனியம், லத்தீன் முதலியவற்றின் தாய்மொழியான மூல இந்தோ-ஐரோப்பியத்தில் சொல்லின் முதலில் வரும் 'த்வ' அம்மொழியில் 'எர்க்' ஆவது முறையான மாற்றம் என்பதால், அதன் உடன்பிறப்பு, ஒலியில் ஒத்திராத லத்தீனின் 'துவோ'தான்.