திருகோணமலையிலிருந்து நுவரெலியாவுக்குப் பைக்கில்: கூதல் பிடிக்காமல் போய்ச் சேருவது எப்படி?

நாங்கள் கடலோரத்தில் வளர்ந்தவர்கள். திருகோணமலையில் ஒரு வீட்டு அலுமாரியைத் திறந்தால் சுவெட்டர் கிடைப்பது அபூர்வம். மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது கொஞ்சம் கூதலாக இருக்கும், ஒரு போர்வையோடு அது போய்விடும். அதனால்தான் பொங்கல் விடுமுறைக்கு நுவரெலியா கிளம்பும் தம்பிமார் பலர், ஒரு சேர்ட்டையும் டெனிமையும் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறிவிடுகிறார்கள்.

நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். றம்பொடை ஏற்றத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியபோது, ஹெல்மட் பட்டியைக் கழற்ற என் விரல்களால் முடியவில்லை. மச்சான்தான் வந்து கழற்றிவிட்டான். அவனுடைய விரல்களும் விறைத்துப் போயிருந்தன, மூன்று தரம் வழுக்கின. இந்த விரல்களை வைத்துக்கொண்டா இவ்வளவு நேரம் வளைவுகளில் பிரேக் பிடித்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. கூதலைத் தாங்குவது வீரம் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: தாங்குவது உடம்பு, ஆனால் பிரேக் பிடிக்க வேண்டியது விரல்.

விலை கூடிய ஜக்கட் இல்லாமலே இந்தப் பயணத்தைச் சுகமாகச் செய்யலாம். அதற்கு என்ன சேர்க்க வேண்டும், எதை எந்த ஊரில் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரே போகப் போக, 1,000 மீற்றருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். ஆகவே இங்கே 25 டிகிரி இருக்கும் ஒரு தை மாத நாளில் அங்கே 13 டிகிரி அளவில் இருக்கும். இரவிலும் விடியற்காலையிலும் இன்னும் இறங்கும். தை, மாசியில் சில நாள் காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

இதோடு பைக்கின் வேகத்தையும் சேருங்கள். காற்று வீசும்போது குளிர் எவ்வளவு கூடத் தெரியும் என்று கணக்கிட, கனடாவிலும் அமெரிக்காவிலும் 2001 முதல் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று படும்போது, திறந்திருக்கும் தோலுக்கு அது 5, 6 டிகிரி போல இருக்கும். உடம்பைச் சுற்றி எப்போதும் ஒரு மெல்லிய சூடான காற்றுப் படை இருக்கிறது. வீசும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. உடுப்பு ஈரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

ஆகவே நமக்கு இரண்டு வேலைதான். ஈரத்தை அகற்ற வேண்டும், காற்றை மறிக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்கும்தான்.

படி 1: புறப்பட ஒரு வாரத்துக்கு முன்னர் இவற்றைச் சேருங்கள்

உடம்போடு ஒட்டிப் போடுவதற்கு விளையாட்டுக்குப் போடும் பொலியெஸ்டர் டீசேர்ட் இரண்டு. பருத்திப் பெனியன் நம் வெயிலுக்கு நல்லது, மலைக்கு ஆகாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது.

அதற்கு மேலே சூட்டைப் பிடித்து வைக்க ஏதாவது: கம்பளிச் சுவெட்டர், பிளீஸ் ஜக்கட், இல்லாவிட்டால் தடித்த இரண்டு ஜெர்சி. ஒரு பெரிய தடித்த உடுப்பைவிட இரண்டு மெல்லியவை நல்லவை, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இறுக்கமாக இருந்தால் அந்தக் காற்றுக்கு இடமிருக்காது, ஆகவே ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத ஒன்று. இங்கேதான் பலர் காசை வீணாக்குகிறார்கள். உங்கள் வீட்டில் மாரிக்கு வாங்கிய ரெயின்கோட் இருக்கும், அதுவே போதும். மேலும் கீழுமாக இரண்டு துண்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். போர்த்துக்கொள்ளும் மாதிரி வரும் ஒற்றைத் துண்டு ரெயின்கோட் வேண்டாம். காற்றில் படபடவென்று அடித்து, உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் வெளியே தள்ளிவிடும், சில்லில் சிக்கவும் கூடும்.

இவற்றோடு கையுறை ஒரு சோடி, பாமசியில் விற்கும் மெல்லிய ரப்பர் கையுறை இரண்டு மூன்று சோடி, சொக்ஸ், கழுத்துக்கு ஒரு துணிக் குழாய், நாலைந்து பொலித்தீன் பை, பழைய பத்திரிகை கொஞ்சம். பத்திரிகை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

படி 2: கிண்ணியாப் பாலத்தில் ஒரு பரீட்சை

இதைத் தவறாமல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வாடை அடிக்கும் ஒரு நாள் அதிகாலையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிண்ணியாப் பாலத்துக்குப் போங்கள். 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர் நீளம், மறைக்க ஒரு மரமும் இல்லை. தண்ணீரின் மேலால் வரும் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும்.

பாலத்தைக் கடக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது? பெரும்பாலும் நாலு வாசல்தான். கழுத்து, கை மணிக்கட்டு, இடுப்பில் சேர்ட் மேலேறும் இடம், முன்பக்கச் சிப். எனக்கு இடது கை மணிக்கட்டில்தான் வந்தது. கையுறைக்கும் ஜக்கட் கைக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம் தோல் தெரிந்தது, அந்த இரண்டு விரல் இடைவெளி முழுக் கையையும் குளிராக்கியது. ஒரு பழைய சொக்ஸின் பாதப் பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தை மணிக்கட்டில் மாட்டினேன். பிரச்சினை தீர்ந்தது.

சிப் வழியாகக் காற்று வந்தால் அங்கேதான் பத்திரிகை. நாலைந்து தாளை விரித்து, சுவெட்டருக்கும் ரெயின்கோட்டுக்கும் நடுவில் நெஞ்சை மூடி வையுங்கள். சைக்கிள் ஓட்டப் போட்டிக்காரர் மலையிலிருந்து இறங்கும்போது செய்து வந்த பழைய வழி இது. நெஞ்சு சூடாக இருந்தால் கையும் சூடாக இருக்கும். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக உடம்பு கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. விரல் விறைக்கிறது என்று கையுறையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

படி 3: கை, கழுத்து, கால்

கைக்கு முதலில் அந்த மெல்லிய ரப்பர் கையுறை, அதன் மேல் வழக்கமான கையுறை. ரப்பர் காற்றை முழுதாக மறிக்கும். உள்ளே வியர்க்கும் என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழற்றிக் கையைத் துடைத்துப் புதிய சோடியைப் போடுங்கள். மேல் கையுறை இறுக்கமாக இருக்கவே கூடாது. விரலை மடக்கி பிரேக்கையும் கிளச்சையும் பிடித்துப் பாருங்கள், மடக்கும்போது விரல் நுனியில் அழுத்தினால் அது உங்களுக்குச் சின்னது. ஓடும்போது ஹான்டிலைப் பயத்தில் இறுக்கிப் பிடிப்பதும் இரத்தத்தை மறிக்கும்.

கழுத்துக்குச் சால்வையைச் சுற்றிக்கொண்டு நுனியைத் தொங்க விடாதீர்கள். செயினிலோ சில்லிலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தைத்த துணிக் குழாய்தான் பாதுகாப்பு, நுனியைச் சேர்ட்டுக்குள் விட்டுவிடுங்கள்.

காலுக்குச் சப்பாத்து. வலை மாதிரித் துளையுள்ள விளையாட்டுச் சப்பாத்துதான் இருக்கிறது என்றால், சொக்ஸுக்கு மேல் ஒரு பொலித்தீன் பையை மாட்டி அதன் மேல் சப்பாத்தைப் போடுங்கள். இடமில்லாமல் இரண்டு சொக்ஸைத் திணிக்க வேண்டாம். டெனிமுக்கு மேல் ரெயின்கோட் காற்சட்டை, முழங்கால் அதிலேயே காப்பாற்றப்படும்.

ஹெல்மட் கண்ணாடியில் மூச்சு படிந்து மங்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை உள்பக்கம் தடவி, மெல்லிய துணியால் தெளிவாகும் வரை துடைத்துவிடுங்கள். அதன் பிறகும் மங்கினால் ஒரு விரல் இடைவெளி திறந்துவிட்டுப் போங்கள், அதற்குத் தேவையான சூட்டைக் கழுத்துத் துணி தரும்.

படி 4: எந்த ஊரில் எதைப் போடுவது

கூதல் பிடிப்பதற்கான உண்மையான காரணம் இந்தப் படியில்தான் இருக்கிறது. திருகோணமலையில் காலையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினால், தம்புள்ளை வெயிலில் வியர்த்து ஊற்றும். அந்த நனைந்த சேர்ட்டோடு மலையேறுவீர்கள். ஏற்றத்தில் காற்றுப் பட்டதும் முதுகு சில்லென்று ஆகும். பிறகு எத்தனை ஜக்கட் போட்டாலும் உள்ளே இருப்பது ஈரம்.

ஆகவே வழி இப்படி. விடிந்த பிறகு கிளம்புங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் காட்டு யானைகள் வீதிக்கு வரும், இருட்டில் அந்த வழியில் போகவே வேண்டாம். மழையில்லாவிட்டால் தம்புள்ளை, மாத்தளை, கண்டி வரை ஒரு டீசேர்ட்டும் சாதாரண ஜக்கட்டும் போதும். மழை பெய்தால் நனைவதற்கு முன்னரே ரெயின்கோட்டைப் போடுங்கள், தூறல்தானே என்று விடாதீர்கள்.

பேராதனை தாண்டிக் கம்பளையில் நிறுத்துங்கள். இதுவரை 200 கிலோமீற்றர் அளவில் வந்திருப்பீர்கள். வயிறு நிறையச் சாப்பிடுங்கள், உடம்பு சூட்டை உண்டாக்குவது சாப்பாட்டிலிருந்துதான். சாப்பிட்ட பிறகு கடையின் கழிவறைக்குப் போய் டீசேர்ட்டைக் கழற்றி, முதுகையும் நெஞ்சையும் துவாயால் நன்றாகத் துடைத்து, காய்ந்த இரண்டாவது டீசேர்ட்டைப் போடுங்கள். கழற்றியதைக் கையில் பிடித்துப் பாருங்கள், எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று தெரியும். அந்தப் பாரம் முழுவதும் நீங்கள் மலைக்குக் கொண்டு போக இருந்த தண்ணீர். சொக்ஸையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

அதன் மேல் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு புசல்லாவை வரை போங்கள். அங்கே ரெயின்கோட்டும் கையுறையும். கூதல் தொடங்கவில்லையே என்று நினைப்பீர்கள், பரவாயில்லை, போடுங்கள். உடம்பில் இருக்கும் சூட்டைக் காப்பது சுலபம், போன சூட்டைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

றம்பொடையில் ஒரு நிறுத்தம், லபுக்கலை தேயிலைத் தோட்டப் பக்கம் இன்னொன்று. இறங்கியதும் கையைத் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுற்றுங்கள், இருபது முப்பது தரம். இரத்தம் விரல் நுனி வரை ஓடி, ஊசி குத்துவது போல இருக்கும், பிறகு சரியாகிவிடும். இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்று குடியுங்கள், கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. விறைத்த கையை எஞ்சினிலோ சைலன்சரிலோ வைத்துச் சூடாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், விறைத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

பின்னேரம் நாலு மணிக்குள் நுவரெலியா போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். அதற்குப் பிறகு மூடுபனி இறங்கினால் வீதியும் தெரியாது, குளிரும் கூடும். ஏதாவது குறைந்தால் நகரத்துக்குள் பேல் பஜாரில் சுவெட்டரும் ஜக்கட்டும் குவித்து விற்பார்கள்.

குழந்தையை முன்னால் இருத்திக்கொண்டு மலையேறாதீர்கள். முழுக் காற்றையும் வாங்குவது அந்தப் பிள்ளைதான், பெரியவர்களைவிடச் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அவர்களை பஸ்ஸில் அனுப்புங்கள்.

படி 5: எப்போது உடனே நிறுத்த வேண்டும்

நடுக்கம் வந்தால் அது உடம்பு தரும் முதல் எச்சரிக்கை. சிப்பை இழுக்க முடியாமல் கை தடுமாறுவது, பேச்சுக் குழறுவது, கியர் மாற்ற மறப்பது, காரணமில்லாமல் தூக்கம் வருவது, இவை அடுத்தவை. உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகும் நிலை இது. கடும் குளிரில் இருந்தவருக்கு நடுக்கம் திடீரென்று நின்றுவிட்டால் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது இன்னும் ஆபத்தான கட்டம்.

பைக்கை ஓரம் கட்டிவிட்டு, கூரையுள்ள இடத்துக்குள் கூட்டிப் போங்கள். ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, நெஞ்சையும் கழுத்தையும் முதலில் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சீனி போட்ட இளஞ்சூட்டுத் தேத்தண்ணி கொடுக்கலாம். சாராயம் கூடவே கூடாது. அது தோலுக்கு இரத்தத்தை அனுப்பிச் சூடாக இருப்பது போலக் காட்டும், உள்ளே இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். குழப்பமாகப் பேசினாலோ எழும்ப முடியாவிட்டாலோ 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

திரும்பி வரும்போது

ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கூடக் குளிரும். வேகம் கூடும், உடம்புக்கு வேலை குறையும், விரல் பிரேக்கிலேயே இருக்கும். காலையில் சீட்டில் படிந்த பனியைத் துடைக்காமல் உட்கார்ந்தால் கம்பளை வரை அந்த ஈரத்தோடுதான் வர வேண்டும், ஒரு துணி கையில் வைத்திருங்கள். வெயில் ஏறிய பிறகு, எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். கம்பளைக்கு வந்ததும் ரெயின்கோட்டையும் சுவெட்டரையும் கழற்றிப் பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் விரித்துவிடுங்கள், நம் கடற்காற்றில் ஈரத்தோடு மடித்து வைத்த ரெயின்கோட் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.