எரிந்த வீட்டில் தடயம் எடுப்பது எப்படி?

எரிந்து முடிந்த வீட்டுக்குள் நுழைகிறவர் வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டிய சொற்கள் இரண்டு: ஒன்று ‘மின்கசிவு’, இன்னொன்று ‘பெட்ரோல்’. காரணம் தெரியாத தீக்கெல்லாம் மறுநாள் பேப்பரில் மின்கசிவு என்று பெயர் வைத்துவிடுவார்கள். தகராறு நடந்த வீடென்றால் பெட்ரோல். தீ எங்கே தொடங்கியது என்று தெரியாமல் எதனால் தொடங்கியது என்று சொல்ல முடியாது. முதலில் இடம், அதன் பிறகுதான் காரணம்.

எரிவது எது?

விறகும் எரிவதில்லை, பெட்ரோலும் எரிவதில்லை. அவற்றிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. மரம் சுமார் 250–300 டிகிரி செல்சியஸில் சிதைந்து வாயுக்களை வேகமாக விடத் தொடங்கும். அந்த வாயு காற்றோடு கலந்து எரிவதுதான் சுவாலை. வாயு தீர்ந்த பின் மிஞ்சும் கரி, சுவாலை இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய அளவு ஆவியை விடும். மண்ணெண்ணெய் சுமார் 40 டிகிரியாவது சூடேற வேண்டும். அதனால்தான் அதற்குத் திரி தேவைப்படுகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து அடுத்த அறை வரை போகும். காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு இருந்தால்தான் பற்றும். சமையல் எரிவாயுவும் கனமானதே. அதன் வரம்பு சுமார் 2 முதல் 9 விழுக்காடு.

இந்த அடிப்படை புரிந்தால் பழைய நம்பிக்கைகள் சில தானாக உதிரும். ‘பெட்ரோல் ஊற்றினால் தரையைத் துளைத்துக்கொண்டு எரியும்’ என்பது ஒன்று. திரவம் இருக்கும் வரை அதன் சூடு கொதிநிலையைத் தாண்டாது. அடியில் உள்ள தரைக்கு அதுவே காப்பு. சிமென்ட் தரையில் மெல்லிய படலமாகப் பரவிய பெட்ரோல் ஓரிரு நிமிடத்தில் எரிந்து தீர்ந்துவிடும். பலகைத் தரையில் ஆழமான ஓட்டை விழுந்திருந்தால், மேலிருந்து விழுந்து மணிக்கணக்கில் கனன்ற உத்தரத்தை முதலில் சந்தேகியுங்கள்.

‘அலுமினியக் குண்டான் உருகியிருக்கிறது, ஆகவே பெட்ரோல்’ என்பது இன்னொன்று. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மரம் எரிந்தாலும் பெட்ரோல் எரிந்தாலும் சுவாலையின் சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் அந்த 660-ஐ எளிதாகத் தாண்டும். கண்ணாடியில் சிலந்தி வலைபோல் நுண்விரிசல் இருந்தால் அது வேகமாகப் பரவிய தீயின் அடையாளம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். சூடான கண்ணாடிமேல் தீயணைப்பு நீர் பட்டாலே அப்படி விரியும்.

அறை முழுதும் ஒரே நொடியில்

மூடிய அறையில் சூடான புகை கூரைக்கு அடியில் படலமாகச் சேரும். அது சுமார் 600 டிகிரியை எட்டும்போது கீழ்நோக்கி வீசும் வெப்பத்தில் அறையிலுள்ள எல்லாப் பொருளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றும். இதைத்தான் ‘ஃப்ளாஷ்ஓவர்’ என்கிறோம். அதன் பிறகு தரையும் எரியும், கட்டிலுக்கு அடியிலும் எரியும். திரவம் ஊற்றியதுபோலவே ஒழுங்கற்ற கருகல் வடிவங்கள் தரையில் விழும்.

1990-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில், லைம் தெருவில் ஒரு வீடு எரிந்தது. தரையின் கருகலைப் பார்த்து, திரவம் ஊற்றிக் கொளுத்தப்பட்டது என்று முடிவு கட்டினார்கள். பிறகு பக்கத்திலிருந்த அதே அமைப்பு வீட்டில், திரவம் எதுவும் இல்லாமல் சோபாவை மட்டும் பற்றவைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஃப்ளாஷ்ஓவர். தரையில் அதே மாதிரிக் கருகல். வழக்கு கைவிடப்பட்டது. 2005-இல் லாஸ் வேகஸில் நடந்த ஒரு பயிற்சியில், ஃப்ளாஷ்ஓவருக்குப் பின் இரண்டு நிமிடம் எரியவிட்ட அறைகளைக் காட்டி, தீ எந்தக் கால்பகுதியில் தொடங்கியது என்று 53 ஆய்வாளர்களிடம் கேட்டார்கள். ஒவ்வொரு அறைக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். கண்ணை மூடிக் கை வைத்திருந்தால்கூட பதின்மூன்று பேருக்குச் சரியாக விழுந்திருக்கும்! மற்றவர்களை ஏமாற்றியது கதவு. ஃப்ளாஷ்ஓவருக்குப் பின் காற்று நுழையும் இடத்தில்தான் தீ உக்கிரமாக எரியும்; கருகல் ஆழமாக இருக்கும் இடம் தொடக்க இடமாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கதவு, எந்த ஜன்னல் எப்போது திறந்தது அல்லது உடைந்தது என்பதை முதல் சாட்சியிடமும் தீயணைப்பு வீரர்களிடமும் தவறாமல் கேளுங்கள். அக்கம்பக்கத்தார் செல்போனில் எடுத்த வீடியோவை நேரத்தோடு வாங்கிவையுங்கள்.

கீற்றுக் கொட்டகையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. கூரை பற்றினால் எரியும் கீற்று கீழே விழுந்து, விழுந்த இடத்திலெல்லாம் புதுத் தீ மூட்டும். தரையில் நாலைந்து இடத்தில் தனித்தனியாக எரிந்திருப்பதை மட்டும் வைத்து ‘பல இடத்தில் கொளுத்தியிருக்கிறார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள்.

தோண்டும் முறை

மின்வாரியத்தார் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்து, சுவரும் கூரையும் நிற்குமா என்று பார்த்த பின்பே உள்ளே போங்கள். சாதாரண முகக்கவசம் தூசியை மட்டும் தடுக்கும். கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். பெட்ரோல் ஜெனரேட்டரை ஆய்விடத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அதற்கு எரிபொருள் நிரப்பியவர் மாதிரியைத் தொடவும் கூடாது.

படம் வெளியிலிருந்து உள்ளே, குறைவாக எரிந்த இடத்திலிருந்து அதிகம் எரிந்த இடம் நோக்கி. ஒவ்வோர் அறையிலும் நான்கு மூலை, கூரை, தரை. எதையும் நகர்த்தும் முன் ஒரு படம், நகர்த்திய பின் ஒரு படம். பிறகு தரையை நூல் கட்டி ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மேலிருந்து அடுக்கடுக்காகக் கரணையால் எடுத்துச் சல்லடையில் சலியுங்கள். எந்த அடுக்கு எதன்மேல் கிடந்தது என்பது முக்கியம். ஓடு விழுந்து அதன்மேல் ஜன்னல் கண்ணாடி கிடந்தால், ஓடு விழும் வரை அந்தக் கண்ணாடி நின்றிருக்கிறது.

மாதிரி எடுத்தல்

பெரும்பாலான வழக்குகள் கோட்டைவிடப்படுவது இங்கேதான். முழுக்கக் கரியான நடுப்பகுதியில் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது, அங்கே ஆவி எரிந்து போயிருக்கும். கருகலின் விளிம்பு, தரை வெடிப்பு, சுவரும் தரையும் சேரும் இடுக்கு, நிலைப்படிக்கு அடி, பாயின் கீழ்ப்பக்கம், மெத்தையின் அடிப்பகுதி, துணி மூட்டையின் உள்மடிப்பு: திரவம் ஒதுங்கித் தப்பிப் பிழைக்கும் இடங்கள் இவை.

கலன் என்றால் உட்பூச்சுள்ள, பயன்படுத்தாத ஒரு லிட்டர் பெயின்ட் டப்பா, அல்லது இதற்கென்றே வரும் நைலான் பை. உலோக மூடி போட்ட கண்ணாடி ஜாடியும் சரி. மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் வேண்டாம், பெட்ரோல் ஆவி ரப்பரைக் கெடுக்கும். கடைக் கேரி பேக்கில் போட்டால் ஆவி வெளியே கசியும், பக்கத்து மாதிரியின் ஆவி உள்ளேயும் வரும். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள். மேலே விடும் வெற்றிடத்தில்தான் ஆய்வகம் ஆவியைப் பிடிக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை. கரணையைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்த பிறகே அடுத்த இடம்.

சிமென்ட் தரை திரவத்தை உறிஞ்சியிருக்கலாம் என்று தோன்றினால் சோடா உப்புக் கலக்காத மைதாவைத் தூவி, 20–30 நிமிடம் விட்டு, வழித்து டப்பாவில் போடுங்கள். தூவாத மைதாவிலும் ஒரு பிடி தனி டப்பாவில் போக வேண்டும். ஒப்பீட்டு மாதிரி இல்லாத மாதிரி பாதி மாதிரிதான்: அதே பாய், அதே மெத்தையை, சந்தேகம் இல்லாத இடத்திலிருந்தும் எடுங்கள். மண் என்றால் உடனே உறைபெட்டியில் வைக்க வேண்டும். மண்ணிலுள்ள பாக்டீரியா பெட்ரோலியச் சேர்மங்களைத் தின்று, நாள்பட நாள்பட அடையாளத்தையே மாற்றிவிடும்.

மின்கம்பி

மெயின் பெட்டியில் எந்த எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச்) விழுந்திருக்கிறது என்பதைத் தொடும் முன் படமெடுங்கள். கம்பியில் தெளிவான எல்லையோடு ஒரே இடத்தில் சிறு மணிபோல் உருகியிருந்தால் மின்பொறி தாக்கியது. கம்பி படிப்படியாக மெலிந்து சொட்டுச் சொட்டாக உருகியிருந்தால் வெளிச்சூடு. மணி கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். தீ வந்து காப்புறையை எரித்தாலும் அதே மணி உண்டாகும். அந்த நேரத்தில் கம்பியில் மின்சாரம் ஓடியது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

ஆய்வகத்தில்

டப்பாவுக்குள் கிளர்வூட்டிய கரிப்பட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, 60–80 டிகிரியில் ஓரிரவு வைப்பார்கள். பட்டையில் ஒட்டிய ஆவியைக் கார்பன் டைசல்பைடு போன்ற கரைப்பானில் கழுவி எடுத்து, கலவையைப் பிரித்து அதிலுள்ள சேர்மங்களை அடையாளம் காட்டும் ஜிசி–எம்எஸ் கருவியில் செலுத்துவார்கள். மண்ணெண்ணெய் என்றால் கருவி தரும் வரைபடத்தில் நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள் (கார்பன் அணுக்கள் ஒரே வரிசையில் கோத்த ஹைட்ரோகார்பன்கள்) சுமார் 9 முதல் 17 கார்பன் வரை கோயில் மணியின் வடிவில் ஏறி இறங்கும். பெட்ரோலில் டொலுயீன், சைலீன், டிரைமெதில்பென்சீன் முதலியவை குறிப்பிட்ட விகிதங்களில் கூட்டமாக நிற்கும். எரிந்த பெட்ரோலில் இலேசானவை போய் கனமானவை மிஞ்சும். கூட்டத்தின் அமைப்புதான் அடையாளம். டொலுயீன் மட்டும் கிடைத்தால் பெட்ரோல் ஆகாது. செருப்புப் பசையிலும் அது உண்டு, பிளாஸ்டிக் எரிந்தாலும் வரும்.

அறிக்கை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிப்பதையும் அதை வீடியோ எடுப்பதையும் கேட்கிறது. டப்பா யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்ற பதிவில் ஓர் இடைவெளி இருந்தாலும் எதிர்த்தரப்பு அங்கேதான் கை வைக்கும்.

‘பெட்ரோல் உள்ளது’ என்று முடிவு வந்தால், ராத்திரி வீட்டுக்குள் பைக் நிறுத்தும் பழக்கம் உண்டா என்று விசாரித்த பிறகு எழுதுங்கள். ‘எரிதிரவம் கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். பயன்படுத்தப்படவில்லை என்று மாற்றாதீர்கள். ஸ்விட்ச் காரணமில்லை, அடுப்பு காரணமில்லை, ஆகவே கொளுத்தியதுதான் என்று கழித்துக் கழித்து வரும் முடிவை அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் தீ ஆய்வு வழிகாட்டியான என்.எஃப்.பி.ஏ. 921 தன் 2011 பதிப்பிலேயே நிராகரித்துவிட்டது. தீயின் காரணத்தை விபத்து, இயற்கை, திட்டமிட்டது, தீர்மானிக்க இயலாதது என நான்காக வகுப்பது வழக்கம். சான்று எட்டாத இடத்தில் நான்காவதையே எழுதி, எந்தெந்த ஊகங்களைச் சோதித்தீர்கள், ஒவ்வொன்றும் எங்கே நின்றுபோனது என்பதை அதன்கீழ் வரிசையாகக் குறியுங்கள்.