வயற்காவல்காரரின் நித்திரையை அளப்பது எப்படி? தனி ஒருவர் செய்யக்கூடிய தரவு ஆய்வு

நித்திரை பற்றி ஆய்வு செய்யப் புறப்படுகிறவர்கள் அநேகமாக முதலில் ஸ்மார்ட் வொட்ச் வாங்கப் போவார்கள். அது பிறகு வரட்டும். இந்த வகை ஆய்வு தேறுவதும் கெடுவதும் நேரம் எழுதும் தாளில்தான். அங்கே பிழை விட்டால் பைதன் என்ற நிரல்மொழி எவ்வளவு தெரிந்தும் பயனில்லை.

எடுத்துக்காட்டுக்கு வன்னியில் கைக்கெட்டும் ஒரு விடயத்தை எடுப்போம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோர வயல்களில் காலபோக நெல் குடலைப் பருவத்துக்கு (கதிர் வெளிவரும் முன் தண்டுக்குள் இருக்கும் பருவம்) வந்ததிலிருந்து அறுவடை வரை யானைக்கும் பன்றிக்கும் இராக்காவல் இருக்கும். காவலுக்குப் போகும் கிழமையில் ஒருவருடைய நித்திரை, வீட்டில் படுக்கும் கிழமையை விட எத்தனை நிமிடம் குறைகிறது? கேள்வி இவ்வளவுதான். 'வன்னி மக்களின் நித்திரைப் பழக்கங்கள்' என்று தலைப்பு வைத்தால் தனியாளால் முடியாது. ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிட்டால் வயது, உடல்வாகு, வீட்டுச் சூழல் எல்லாம் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒன்றாகவே நிற்கும். குறைந்த ஆட்களே போதும். 12 பேர், ஆளுக்கு 7 நாள் காவல், 7 நாள் வீடு: மொத்தம் 168 நாட்கள். முதல் ஆய்வுக்கு இது தாராளம்.

படி 1: அனுமதி

பல்கலைக்கழக மாணவரானால் பீடத்தின் ஒழுக்கநெறிக் குழுவிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். வெளியாளானால் ஒரு விரிவுரையாளரைச் சேர்த்துக்கொண்டு அதே வழியில் போங்கள். தரவு சேர்த்த பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைக் கூடுதல் கவனம் வேண்டிய வகையாக வைத்திருக்கிறது. பெயருக்குப் பதிலாக எண் கொடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் கணினிக்குள் இருக்கவே வேண்டாம். சின்ன ஊரில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. '58 வயது, இரண்டு ஏக்கர், மோட்டார் சைக்கிள் இல்லை' என்றால் ஆள் யார் என்று ஊருக்கே தெரியும். வயதை 50–59 என்று வகையாக எழுதுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். நித்திரை பற்றிக் கேட்டால் கெட்ட கனவு பற்றிய பேச்சு வரும். 2009 ஐக் கண்ட ஊர்களில் அந்தப் பேச்சு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. தோண்டிக் கேட்காதீர்கள். யாராவது உதவி வேண்டும் நிலையில் இருந்தால் அனுப்புவதற்கு அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குரிய விபரத்தையும் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் கையில் வைத்திருங்கள்.

படி 2: ஆயத்த வினாக்கொத்து வேண்டுமா?

1989 இல் வந்த பிட்ஸ்பேர்க் நித்திரைத் தரச் சுட்டியைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். புள்ளி 0 முதல் 21 வரை. 5 க்கு மேல் போனால் நித்திரையின் தரம் குறைவு. நல்ல கருவிதான், ஆனால் அது கேட்பது கடந்த ஒரு மாதத்தைப் பற்றி. காவலும் வீடும் மாறி மாறி வரும் மாதத்தில் 'வழமையாக எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்' என்றால் அவர் எதைச் சொல்வார்? எப்வேர்த் பகல்நேர நித்திரை அளவுகோல் (1991) எட்டுச் சூழ்நிலைகளைத் தந்து, ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று புள்ளி போடச் சொல்கிறது. அதில் இரண்டு காரில் இருப்பது பற்றியவை. காரில் ஏறாத ஒருவரிடம் அதைக் கேட்டு, நீங்களாகவே பஸ் என்று மாற்றிவிட்டு, '10 க்கு மேல் என்றால் அதிகம்' என்ற பழைய எல்லையை அப்படியே பாவிக்க முடியாது. இரண்டுக்கும் பதிப்புரிமை உண்டு. அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு நாட்குறிப்பே போதும்.

படி 3: நாட்குறிப்புத் தாள்

ஓர் இரவுக்கு ஒரு வரி என்றுதான் பொதுவாக அச்சடிப்பார்கள். காவல்காரருக்கு அது சரிவராது. அவர் வயலிலுள்ள காவல் கொட்டிலில் கொஞ்சம், விடிய வீட்டுக்கு வந்து கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் என்று நித்திரை கொள்கிறார். ஆகவே ஒரு நித்திரைத் துண்டுக்கு ஒரு வரி. நிரல்கள் இவை: ஆள் எண், திகதி, இடம் (கொட்டில் அல்லது வீடு), நித்திரைக்கென்று கண்ணை மூடிய நேரம், நித்திரை வர எடுத்த நிமிடம், இடையில் விழித்திருந்த நிமிடம், கடைசியாக விழித்த நேரம், குறிப்பு.

7 ஆம் எண்காரரின் ஒரு நாளைப் போட்டுப் பாருங்கள். கொட்டிலில் இரவு 10.15 க்குக் கண்ணை மூடினார், நித்திரை வர 20 நிமிடம், நாய் குரைத்து எழும்பி வெடி கொளுத்தி 45 நிமிடம் விழிப்பு, 2.30 க்கு முழுதாக விழித்துவிட்டார். 255 நிமிடத்தில் 65 போக 190. வீட்டுக்கு வந்து 5.40 முதல் 8.10 வரை படுத்ததில், நித்திரை வர எடுத்த 10 நிமிடம் போக 140. மத்தியானம் 1.30 முதல் 2.15 வரை, அதில் 5 போக 40. மொத்தம் 370 நிமிடம், அதாவது 6 மணித்தியாலம் 10 நிமிடம்.

இதையே 'இராத்திரி எவ்வளவு நேரம் நித்திரை?' என்று மட்டும் கேட்டிருந்தால் 3 மணித்தியாலம் 10 நிமிடம் வந்திருக்கும். 'எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழும்பினீர்கள்?' என்று கேட்டிருந்தால் 10.15 க்கும் 8.10 க்கும் இடையில் 9 மணித்தியாலம் 55 நிமிடம். ஆள் ஒருவர், நாள் ஒன்று, விடை மூன்று. வளர்ந்தவர்களுக்கு 7 மணித்தியாலமாவது வேண்டும் என்ற பொதுப் பரிந்துரையோடு இவற்றில் எதை ஒப்பிட்டீர்கள் என்பதிலேயே முடிவு தலைகீழாகும்.

நாள் எங்கே தொடங்குகிறது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பின்னேரம் 6 மணி முதல் மறுநாள் பின்னேரம் 6 மணி வரை ஒரு நாள் என்று வைத்தால் அந்த மத்தியான நித்திரை அதற்கு முந்திய இரவோடு சேரும். நள்ளிரவில் நாளைப் பிரித்தால் ஒரே நித்திரை இரண்டு நாட்களில் கிடக்கும்.

24 மணிக் கணக்கில் எழுதச் சொல்லி யாரையும் வருத்த வேண்டாம். இரவு, விடிய, பகல் என்று வட்டமிட மூன்று சொற்களை அச்சடித்து விடுங்கள். மாற்றி எழுதுவது உங்கள் வேலை. '12 மணிக்குப் படுத்தனான்' என்று மட்டும் எழுதிய தாள் பிறகு உதவாது. எழுதச் சிரமப்படுகிறவர் காலையில் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பலாம். அனுப்பிய நேரமும் பதிவாகும். சிக்னல் இல்லாத இடத்துக்கு கைபேசியில் இணையம் இல்லாமலும் நிரப்பக்கூடிய கோபோ டூல்பொக்ஸ் (தரவு சேர்க்கும் மென்பொருள்) படிவம் நல்லது. மூன்று நாள் தாளை ஒரே மூச்சில் நிரப்பியிருந்தால் நிரப்பிய நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 4: எக்ஸெலில் ஏற்றுதல்

எக்ஸெலுக்கு ஒரு நாள் என்றால் 1. இரவு 10.15 என்பது 0.927, விடிய 2.30 என்பது 0.104. கழித்தால் மறை எண் வரும்; நேர வடிவில் உள்ள கட்டத்தில் வெறும் வேலிக்குறிகள் (####) நிரம்பி நிற்கும். வகுத்து மீதியைத் தரும் மொட் (MOD) வாய்பாட்டில் அந்தக் கழித்தலையும் 1 ஐயும் கொடுத்தால் 0.177 வரும், அதை 1440 ஆல் பெருக்க 255 நிமிடம். ஆனால் மொட் பிழையையும் மூடிவிடும். 22:15 க்குப் பதில் 10:15 என்று ஏற்றியிருந்தால் சத்தமில்லாமல் 975 நிமிடம் தந்துவிடும். திகதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் சேர்த்து வைத்தால் மொட் தேவையில்லை. எப்படியானாலும் 720 நிமிடத்துக்கு மேற்பட்ட துண்டு ஒவ்வொன்றையும் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தெரியாத இடத்தில் 0 போடாதீர்கள். 0 என்றால் நித்திரையே இல்லை. வெற்றுக் கட்டம் என்றால் தெரியாது. நாட்குறிப்பு அதிகம் விடுபடுவது களைத்துப்போன நாட்களில்தான் என்பதால், எந்தக் கிழமையில் எத்தனை நாள் விடுபட்டது என்று தனியாக எண்ணி வைக்க வேண்டும்.

படி 5: பைதனில்

பாண்டாஸில் (பைதனில் அட்டவணைகளைக் கையாளும் தொகுப்பு) கோப்பைத் திறந்து, ஆள் எண், நாள் என்ற இரண்டாலும் குழுவாக்கி, நிமிடங்களைக் கூட்டினால் முடிந்தது. சராசரிக்கு முன் படம் வரையுங்கள்: ஒரு நாளுக்கு ஒரு கிடைக்கோடு, பின்னேரம் 6 முதல் 6 வரை, நித்திரைத் துண்டுகள் தடித்த கோடாக. ஏற்றும்போது விட்ட பிழை அங்கேயே கண்ணில் குத்தும்.

படுத்த நேரத்தின் சராசரியில்தான் புதியவர்கள் விழுவார்கள். 23.30, 00.30 இரண்டுக்கும் சராசரி கேட்டால் கணினி மத்தியானம் 12 என்று சொல்லும். ஒவ்வொரு நேரத்தையும் பின்னேரம் 6 இலிருந்து எத்தனை நிமிடம் என்று மாற்றுங்கள்: 330, 390, சராசரி 360, அதாவது நள்ளிரவு.

படி 6: ஸ்மார்ட் வொட்ச் இருந்தால்

அசையாமல் இருப்பதை அது நித்திரை என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கும். கொட்டிலில் சாய்ந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் அதன் கணக்கில் நித்திரை கொள்கிறார். காவல் கிழமையில் இந்தப் பிழை கூடும், வீட்டில் குறையும். ஆகவே நீங்கள் தேடும் வித்தியாசத்தையே அது சுருக்கிவிடும். ஆழ்நித்திரை, கனவு நித்திரை என்று அது போடும் வண்ணப் பட்டைகளை விட்டுவிடுங்கள். அவற்றை உறுதியாகச் சொல்ல மூளையின் மின் அலைப் பதிவு (EEG) வேண்டும். நாட்குறிப்புக்கும் வொட்ச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை நாளுக்கு நாள் கழித்துப் படமாக்குங்கள், இரண்டும் சேர்ந்து கூடிக் குறைகின்றனவா என்று காட்டும் தொடர்புக் கெழு மட்டும் போதாது. எல்லோரும் பின்னேரம் 4.45 க்குப் படுப்பதாகக் காட்டினால் கோப்பு இலங்கை நேரத்தில் இல்லை, உலக நேரத்தில் (UTC) இருக்கிறது. 5 மணித்தியாலம் 30 நிமிடம் கூட்டினால் 10.15 ஆகும்.

படி 7: ஒப்பிடுதல்

168 வரி இருக்கிறதென்று 168 பேர் போலக் கணக்கிடக் கூடாது. ஒருவரின் 14 நாட்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். தனித்தனி ஆட்களாக எடுத்தால் நிச்சயம் இல்லாத இடத்திலும் நிச்சயம் தெரியும். ஒவ்வொருவருக்கும் காவல் கிழமைச் சராசரி, வீட்டுக் கிழமைச் சராசரி, இரண்டின் வித்தியாசம்: 12 எண்கள். அவற்றுக்குச் சோடி டி சோதனை அல்லது வில்கொக்சன் சோதனை (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாமா என்று பார்க்கும் புள்ளிவிபரச் சோதனைகள்). எத்தனை நிமிடம் குறைந்தது என்பதை 95% நம்பிக்கை இடைவெளியோடு (உண்மையான குறைவு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) எழுதுங்கள்.

மழை பெய்த இரவு, தைப்பொங்கல், கோயில் ஒலிபெருக்கி இரவு முழுதும் பாடிய நாள், இவற்றைக் குறிப்பு நிரலில் அன்றன்றே அடையாளமிடுங்கள். எந்த நாட்களை நீக்குவது என்ற விதியைத் தரவைப் பார்க்கும் முன் எழுதி வையுங்கள். நித்திரைத் திறன் என்ற விகிதத்தை (கொண்ட நித்திரை வகுத்தல் படுக்கையில் இருந்த நேரம்) இங்கே பெரிதாக எடுக்க வேண்டாம். 7 ஆம் எண்காரருக்கு 370 ஐ 450 ஆல் வகுக்க 82% வரும். வழக்கமான 85% எல்லைக்குக் கீழேதான். ஆனால் அவர் விழித்திருந்தது நித்திரை வராமலல்ல, யானைக்கு. நோய் என்ற சொல் அறிக்கையில் வரவே கூடாது.

முடிவை ஊருக்குத் திருப்பிச் சொல்லும்போது ஆளுக்கு அவரவர் படத்தை மட்டும் தனியாகக் கையில் கொடுங்கள். முறைக் காவலில் யார் எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தார் என்பது அந்தப் படங்களில் அப்படியே இருக்கிறது. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் எண் போட்டுக் காட்டினாலும், அன்றைக்குப் பன்றி விழுந்த வரம்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.