ஆட்டோபேஜியை (செல் தன் பாகங்களைத் தானே செரிப்பது) தடுத்து, சிஸ்ட் (பாதுகாப்பு உறை) உருவாவதைச் சோதிப்பது எப்படி?

கடல்மீன்களுக்கு வெண்புள்ளி நோய் தரும் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி, மீனை விட்டு இறங்கிச் சில மணி நேரம் ஊர்ந்த பிறகே சிஸ்ட் கட்டும். ஆட்டோபேஜி தடுப்பானை அந்த இடைவெளியில் சேர்த்துவிடுங்கள். உறை கெட்டியான பின் சேர்ப்பது வீண்வேலை.

விடியுமுன் தொட்டியடியிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பிப்பெட்டால் எடுத்து, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டிய கடல்நீரில் 3 முறை அலசுங்கள். சோதனைத் தட்டின் குழிக்கு 20 உயிரிகள், 25 டிகிரி செல்சியஸ். தடுப்பானாக 3-மெத்தில்அடினைன் 1, 5, 10 மில்லிமோலார். குளிர்ந்தால் படிகமாகும், வெதுவெதுப்பாக்கிக் கரையுங்கள். மருந்தில்லாக் குழியும் கட்டாயம் வேண்டும்.

24 மணி நேரம் கழித்து எண்ணும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். சிஸ்ட் கட்டாதது செத்ததாகவும் இருக்கலாம். குற்றிழைகள் (உடலின் நுண்மயிர்கள்) துடிக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். மருந்தை அலசி நீக்கியதும் மீண்டும் கட்டத் தொடங்கினால், அது நச்சால் வந்த சாவு அல்ல. ஆட்டோபேஜியை லைசோசோம் (செல்லின் செரிமானப் பை) கட்டத்தில் தடுக்கும் குளோரோகுயினிலும் அதே விளைவு வந்தால் முடிவை இன்னும் நம்பலாம்.