அணு உலை ‘கிரிட்டிகல்’ என்றால் பதறாமல் இருப்பது எப்படி

2013 ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து சித்தி போன் போட்டாள். “ஏட்டி, கூடங்குளம் கிரிட்டிகலாம்லா! உங்க செம்பூர் பக்கத்துலயும் உலை இருக்கே, பாத்து இரு.” சித்திக்கு கிரிட்டிகல் என்றால் ஐசியூ வாசலில் டாக்டர் கையை விரிக்கிற கட்டம்.

உலைக்காரர்கள் அதே சொல்லை நல்ல சேதியாகச் சொல்வார்கள். 1956 ஆகஸ்ட் 4 அன்று, இங்கே மும்பை ட்ராம்பேயில் இந்தியாவின் முதல் உலையான அப்சரா கிரிட்டிகல் ஆனது. அடுப்பு மாதிரி உலை பற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

டியூஷன் பிள்ளைகளுக்கு மும்பை ஹார்பர் லைன் ரயிலின் லேடீஸ் பெட்டியைத்தான் காட்டுவேன். ஏறியதும் உட்கார்ந்திருப்பவளிடம் “கஹான் உத்ரோகே?” (எங்கே இறங்குவீங்க?) என்று கேட்டு சீட்டைப் பிடித்து வைப்போம். அவள் எழுந்தால் நான். நான் எழுவதற்குள் என்னிடம் ஒருத்தி கேட்டிருப்பாள். எழுகிறவள் ஒவ்வொருத்திக்கும் சரியாக ஒரு வாரிசு. உலையிலும் இதே கதை: எரிபொருளான யுரேனியம்-235 அணு பிளந்தால் சராசரியாக இரண்டரை நியூட்ரான் கிளம்பும். சில தப்பி ஓடும், சிலவற்றைக் கட்டுப்பாட்டுக் கழி விழுங்கும். மிஞ்சுவதில் சராசரியாக ஒன்றே ஒன்று அடுத்த அணுவைப் பிளந்தால் கிரிட்டிகல். ஒன்றுக்குக் குறைந்தால் சப்கிரிட்டிகல், இந்தப் பிளவுச் சங்கிலி, அதாவது தொடர்வினை, அணைந்துவிடும். கூடினால் சூப்பர்கிரிட்டிகல். இதற்கும் அலற வேண்டாம்: பவரை ஏற்ற ஒன்றுக்கு மயிரிழை மேலே போய்த்தான் ஆக வேண்டும். அந்த மயிரிழைக்கும் கணக்கு உண்டு. பிறக்கும் நியூட்ரான்களில் சுமார் 0.65 சதவீதம் கொஞ்சம் தாமதமாக வரும்; அந்தத் தாமதத்தை நம்பித்தான் உலையை ஓட்டுகிறார்கள். மயிரிழை அந்த 0.65 சதவீதத்தைத் தாண்டினால் சித்தி பயந்தது சரி.

“அடுப்பு பத்திக்கிட்டு சித்தி” என்றேன். “அப்போ கரண்ட் கட் நின்னுருமா?” என்றாள். எங்கே! பெட்டியில் பத்து பேரா இருநூறு பேரா, அதாவது உலை எவ்வளவு பவரில் ஓடுகிறது என்பதை இந்தச் சொல் சொல்லாது. கூடங்குளம் முதல் உலை ஜூலை 13-இல் கிரிட்டிகல் ஆகி, அக்டோபர் 22-இல்தான் மின்தொகுப்பில் சேர்ந்தது. ஆகவே ‘கிரிட்டிகல் ஆகி மின் உற்பத்தி தொடங்கியது’ என்று ஒரே மூச்சில் எழுதாதீர்கள்.

தமிழில் எழுதும்போது ‘ஆபத்தான நிலை’, ‘நெருக்கடி நிலை’ இரண்டும் வேண்டாம். ‘மாறுநிலை’ என்று பாடநூலில் இருக்கிறது, “எதுலேர்ந்து எதுக்கு மாறுது மிஸ்?” என்று பிள்ளைகள் கேட்பதால் எனக்கு அதன்மேல் பெரிய பிரியமில்லை. முதல் தடவை ‘தொடர்வினை தானாக நீடிக்கும் நிலை’ என்று விரித்துவிட்டு, பிறகு மாறுநிலை என்றே போகலாம். பேச்சில் கிரிட்டிகல் போதும்.

அனல்மின் நிலையச் செய்தியில் வரும் சூப்பர்கிரிட்டிகல் வேறு சங்கதி. அது கொதிகலன் நீராவியின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பற்றியது, நியூட்ரானுக்கு அங்கே வேலையே இல்லை.