இணையத் தரநிலைகளுக்குத் தலைமை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணைய நெறிமுறைகளை எழுதும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் உறுப்பினர் அட்டையும் இல்லை, ஓட்டுப்பெட்டியும் இல்லை. தலைமைப் பொறுப்புகளுக்கு ஆளை எடுப்பது ஒரு நியமனக் குழு. தகுதியுள்ள தன்னார்வலர்களிடையே குலுக்கல் போட்டு 10 பேரை அதற்கு எடுப்பார்கள். லாட்டரி முடிவு மாதிரி எந்த ஊரறிந்த எண்களை எடுப்போம் என்று முன்கூட்டியே அறிவித்து நடத்துவதால், குலுக்கலை யாரும் சரிபார்க்கலாம். ஒரே நிறுவனத்திலிருந்து 2 பேருக்கு மேல் வரவும் முடியாது. இவ்வளவும் ஒழுங்காக நடந்துவிடும். தவறு நடப்பது அந்த 10 பேரும் ஆளை எடைபோட உட்காரும்போதுதான்.

பெரிய நிபுணர்தான் நல்ல தலைவர் என்று முடிவு கட்டுவதே இதில் மிகப் பெரிய தவறு. தரநிலை ஆவணங்களை எழுதுவது பணிக்குழுக்கள்; ஒரு துறையின் பணிக்குழுக்களை மேற்பார்ப்பவர் துறை இயக்குநர். ஆவணங்களுக்கு ஒப்புதல் தரும் வழிநடத்தும் குழுவிலும் அவர் உட்காருவதால், தன் துறை ஆவணங்களோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ரூட்டிங் (தரவு போகும் வழியைத் தீர்மானிப்பது), பாதுகாப்பு, மின்னஞ்சல் என்று மற்றவர்கள் கொண்டுவருவதையும் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அவர் ஒரு ஆவணத்தின் மேல் ‘டிஸ்கஸ்’ என்று ஆட்சேபம் பதிந்தால், அது தீரும்வரை ஆவணம் நகராது. அந்த அதிகாரத்தை எதற்கு எடுப்பார்? பாதுகாப்பில் ஓட்டை இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால், பணிக்குழு எல்லாம் அலசி எடுத்த முடிவு தன் ரசனைக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக எடுப்பவரும் உண்டு. அது கூடாது என்று வழிநடத்தும் குழுவின் சொந்த விதிமுறையே சொல்கிறது. எனவே நேர்காணலில் சாதனைப் பட்டியலைக் கேட்பதைவிட, “கடைசியாக எந்த ஆட்சேபத்தைக் கைவிட்டீர்கள், ஏன்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் அந்த அதிகாரத்தைக் கொடுக்க நான் பயப்படுவேன்.

அடுத்தது, வேட்பாளர்களைப் பற்றி வரும் கருத்துகளை எண்ணிக்கையாகப் பார்ப்பது. ராஜாவும் வேண்டாம், ஜனாதிபதியும் வேண்டாம், ஓட்டெடுப்பும் வேண்டாம் என்று 1992-ல் இணைய முன்னோடி டேவிட் கிளார்க் சொன்னதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சமூகம் இது. அங்கே பாராட்டுக் கடிதங்களை எண்ணினால் ஓட்டெடுப்பு கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிடும். சக ஊழியர்கள் எழுதும் பத்து “நல்ல மனுஷர்” கடிதங்களைவிட, ஒரு சம்பவத்தை விவரிக்கும் ஒரே கடிதம் கனமானது. அதிலும், வேட்பாளர் பணிக்குழுத் தலைவராக இருந்தபோது வாதத்தில் தோற்றவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். “நான் சொன்னதை முழுசாகக் கேட்டார், ஏன் ஏற்கவில்லை என்றும் சொன்னார்” என்று தோற்றவரே சொன்னால், அதற்குமேல் சான்று வேண்டாம்.

பதவிக்காலம் வழக்கமாக 2 ஆண்டு. சமூகம் சம்பளம் தருவதில்லை. வேலை பார்க்கும் நிறுவனம்தான் நேரம் ஒதுக்க வேண்டும். மேலதிகாரி சம்மதித்துவிட்டாரா என்று வெளிப்படையாகக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஏற்கெனவே பதவியில் இருப்பவரை, இருக்கிறார் என்பதற்காக மட்டும் தொடரவிடவும் வேண்டாம்.

பெயர் வரட்டும் என்று காத்திருப்பதும் தவறுதான். கூட்டத்தில் குறைவாகப் பேசி, சண்டை முற்றும் நேரத்தில் இரு தரப்பும் ஏற்கும் வாசகத்தை எழுதிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தாங்களாக முன்வர மாட்டார்கள். பரிந்துரைக் காலம் முடியுமுன் நீங்களே போய் அவர்களைக் கேளுங்கள்.